பண்டைய கிரேக்கத் தத்துவ ஆய்வுக்குள் நுழைவது எப்படி: அரிஸ்டாட்டிலின் 16 வரிகளை வைத்து ஒரு முழு வழிகாட்டி

கிரேக்கத் தத்துவத்தில் ஆர்வம் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். தாலீஸில் ஆரம்பித்து சாக்ரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று ஒரு வரலாற்றுப் புத்தகத்தை முடிக்கிறார்கள். அப்புறம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். 2300 வருஷமாகப் படித்துத் தேய்ந்த நூல்களில் ஆராய இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்ற சந்தேகமும் கூடவே வரும்.

இங்கே நான் சொல்லப்போவது வேறு வழி. ஒரு நூலின் மிகச் சின்னப் பகுதியை எடுத்துக்கொண்டு, மூலப்பிரதியிலிருந்து இன்றைய சர்ச்சை வரைக்கும் அதன் பின்னாலேயே போவது. துறையில் இருப்பவர்களும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். லண்டனில் ஓர் ஆய்வுக்குழு 1975 முதல் 1979 வரை கூடிக் கூடி வாசித்தது அரிஸ்டாட்டிலின் ‘மெட்டாஃபிசிக்ஸ்’ நூலில் ஸீட்டா என்ற ஒரே ஒரு புத்தகத்தை (நூலின் பெரும்பிரிவைத்தான் இங்கே புத்தகம் என்கிறார்கள்). அதில் மொத்தம் 17 அத்தியாயங்கள். அந்த அமர்வுகளில் மைல்ஸ் பர்ன்யட்டும் மற்றவர்களும் எடுத்த குறிப்புகள் 1979இல் நூலாக வந்தன. ஸீட்டாவைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

படி 1: ஒரு பகுதியைப் பிடியுங்கள், அதன் முகவரியைக் கற்றுக்கொள்ளுங்கள்

நாம் எடுக்கப்போவது அரிஸ்டாட்டிலின் ‘ஆன்மாவைப் பற்றி’ நூலின் மூன்றாம் புத்தகம், ஐந்தாம் அத்தியாயம். ஆய்வாளர்கள் இதை 430a10–25 என்று குறிப்பார்கள். இமானுவேல் பெக்கர் பதிப்பித்து 1831இல் பெர்லினில் வெளிவரத் தொடங்கிய பதிப்பில் 430ஆம் பக்கம், இடது பத்தி, 10 முதல் 25 வரையான வரிகள் என்று அர்த்தம். வலது பத்தி என்றால் b. எந்த மொழிபெயர்ப்பிலும் ஓரத்தில் இந்த எண் இருக்கும். பிளேட்டோவுக்கு ஹென்றி ஸ்டெஃபானஸ் 1578இல் வெளியிட்ட பதிப்பின் பக்க எண்கள். குகை உருவகம் ‘குடியரசு’ 514a-வில் தொடங்குகிறது. சாக்ரட்டீஸுக்கு முந்தையவர்களுக்கு ஹெர்மன் டீல்ஸ் 1903இல் தொகுத்து, பின்னால் வால்தர் கிரான்ஸ் திருத்திய எண்கள். 2016இல் ஆந்த்ரே லாக்ஸும் கிளென் மோஸ்ட்டும் ஒன்பது தொகுதிகளில் புதிய தொகுப்பு கொண்டுவந்ததால், இப்போது இரண்டு எண்களையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. மொழிபெயர்ப்பின் பக்க எண்ணை மட்டும் மேற்கோளில் கொடுக்காதீர்கள். அதைப் பார்த்ததுமே எழுதியவர் வெளியாள் என்று தெரிந்துவிடும்.

சரி, அந்த 16 வரிகளில் என்ன இருக்கிறது? இயற்கையில் எந்த வகையை எடுத்தாலும் அதில் மூலப்பொருள் போன்ற ஒன்றும், அதை ஆக்குகிற ஒன்றும் இருக்கின்றன. ஆன்மாவிலும் இந்த வேறுபாடு இருந்தாக வேண்டும். எல்லாமாக ஆகிற ஓர் அறிவு, எல்லாவற்றையும் ஆக்குகிற இன்னோர் அறிவு. இரண்டாவது ஒளியைப் போன்றது. இருட்டில் மறைந்திருக்கும் நிறங்களை ஒளிதானே நிறங்களாக்குகிறது. அது தனித்து நிற்பது, பாதிக்கப்படாதது, எதனோடும் கலவாதது. அது மட்டுமே சாகாதது, என்றும் உள்ளது. ஆனால் நமக்கு நினைவில்லை. ஏனென்றால் அது பாதிக்கப்படாதது, பாதிக்கப்படும் அறிவோ அழியக்கூடியது. ‘இது இல்லாமல் எதுவும் சிந்திப்பதில்லை’ என்று அத்தியாயம் முடிகிறது.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். ‘இது’ என்பது எந்த அறிவு? ‘எதுவும்’ என்பது சிந்திப்பவரா, சிந்திக்கப்படும் பொருளா? இரண்டையும் பெருக்கினால் நான்கு வாசிப்புகள். கிரேக்க இலக்கணம் நான்கையும் அனுமதிக்கிறது. அந்த அறிவு கடவுளா, நம் மனத்தின் ஒரு பகுதியா என்று அரிஸ்டாட்டில் எங்கேயும் நேராகச் சொல்லவில்லை. மனித ஆன்மாவில் ஏதாவது சாகாமல் மிஞ்சுமா என்ற கேள்வி இதில் தொங்கிக்கொண்டிருப்பதால், யாரும் இதைச் சும்மா விடவில்லை.

படி 2: மூன்று மொழிபெயர்ப்புகளை அருகருகே வையுங்கள்

ஒன்று போதாது, இரண்டும் போதாது. ஆர். டி. ஹிக்ஸ் 1907இல் கிரேக்க மூலத்தோடும் விரிவான குறிப்புகளோடும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் பதிப்பு காப்புரிமை முடிந்து இணையத்தில் கிடைக்கிறது. ஜே. ஏ. ஸ்மித்தின் பழைய ஆக்ஸ்ஃபோர்டு மொழிபெயர்ப்பும் இலவசம். மூன்றாவதாக கிறிஸ்டோபர் ஷீல்ட்ஸின் 2016 பதிப்பு. விலை அதிகம், நூலகத்தில் கேளுங்கள்.

மூன்றும் எங்கே பிரிகின்றனவோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். எது சரி என்று இப்போதே தீர்மானிக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கும் சொற்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவை அரிஸ்டாட்டில் சொன்னவை இல்லை. பல சமயம் ஒரு முழு வியாக்கியானமே அந்த அடைப்புக்குறிக்குள் நுழைந்திருக்கும். பாடப்புத்தகங்களில் பிரபலமான ‘செயலாக்க அறிவு’ என்ற தொடரே அரிஸ்டாட்டிலின் வரிகளில் கிடையாது, பின்னால் வந்த உரையாசிரியர்கள் வைத்த பெயர் அது.

படி 3: கிரேக்கம் எவ்வளவு வேண்டும்?

ரசித்துப் படிக்க வேண்டாம். ஆய்வைப் பின்தொடரக் கொஞ்சம் வேண்டும். ஆய்வு செய்ய நன்றாகவே வேண்டும். இதில் குறுக்கு வழி இல்லை.

அரிஸ்டாட்டிலின் சொல்வளம் பெரிதில்லை, வாக்கியங்களும் குட்டை. ஆனால் பாதி வார்த்தைகளை விழுங்கிவிட்டு எழுதுவார். வகுப்புக் குறிப்புபோல இருக்கும். பிளேட்டோ நேர் எதிர், வாக்கியம் நீண்டு வளைந்து ஓடும். அதனால் முதலில் எழுத்துகளையும் அடிப்படை இலக்கணத்தையும் கற்றுக்கொண்டு, உங்கள் 16 வரிகளைச் சொல் சொல்லாகப் பிரிக்கப் பழகுங்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்நூலகத்தில் ஒரு சொல்லைச் சொடுக்கினால் அதன் இலக்கண வடிவம் வரும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகியான் பல அகராதிகளை ஒரே பக்கத்தில் காட்டும். இரண்டும் இலவசம். கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் 1972இல் தொடங்கிய தெசாரஸ் லிங்குவே கிரேக்கே, கிரேக்க நூல்கள் மொத்தத்தையும் தேடக்கூடிய களஞ்சியம். முழுதாகப் பார்க்கச் சந்தா வேண்டும், சுருக்கப் பதிப்பைப் பதிவு செய்து பார்க்கலாம்.

கணினி வருவதற்கு முன் இந்த வேலையைச் செய்தவர் ஹெர்மன் பொனிட்ஸ். அரிஸ்டாட்டில் எந்தச் சொல்லை எங்கெல்லாம், என்ன பொருளில் பயன்படுத்துகிறார் என்று 1870இல் அவர் போட்ட சொல்லடைவு இன்றும் மேசையில் இருக்கிறது. தேடுபொறி சொல்லை எடுத்துத் தரும். பொருளைப் பிரித்துத் தராது.

படி 4: பக்கத்தின் அடியில் என்ன எழுதியிருக்கிறது?

அறிஞர் பதிப்பில் மூலத்துக்குக் கீழே சிறிய எழுத்தில், லத்தீன் சுருக்கங்களோடு சில வரிகள் இருக்கும். எல்லோரும் தாண்டிப்போகும் இடம் அது. பாடபேதங்கள், அதாவது சுவடிக்குச் சுவடி மாறுபடும் சொற்கள், அங்கேதான் இருக்கின்றன.

அரிஸ்டாட்டில் இறந்தது கி.மு. 322. இந்த நூலின் முக்கியமான கையெழுத்துப் பிரதிகளில் ஒன்று, பாரிஸ் தேசிய நூலகத்தில் 1853 என்ற எண்ணில் உள்ள கிரேக்கச் சுவடி, கி.பி. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடையில் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கும் மேல். பிரதி எடுத்தவர்கள் கை எத்தனை முறை தவறியிருக்கும்!

நம் 16 வரிகளிலேயே 430a18இல் ஒரு சிக்கல். ஆக்குகிற அறிவு தன் சாரத்திலேயே ‘செயல்’ என்பதா, ‘செயல்நிலையில் இருப்பது’ என்பதா? கிரேக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் அயோட்டா என்ற ஒரு சிற்றெழுத்து. உச்சரிப்பில் அது பழங்காலத்திலேயே மறைந்துவிட்டதால், எழுதுபவர்கள் விடவும் சேர்க்கவும் வாய்ப்பு அதிகம். சுவடிகள் ஒன்றைச் சொல்ல, சிம்ப்ளிசியஸின் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் 6ஆம் நூற்றாண்டு உரை இன்னொன்றை ஆதரிக்கிறது. உரை, கையில் இருக்கும் சுவடிகளைவிடப் பழையது. உரையாசிரியர் முன்னால் இருந்த பிரதி நம்மிடம் இல்லை. 1956இல் பதிப்பித்த டபிள்யூ. டி. ராஸ் உரையின் பக்கம் நின்றார். உங்கள் மொழிபெயர்ப்பாளர் எந்தப் பக்கம் நின்றார் என்று இப்போது போய்ப் பாருங்கள்.

படி 5: உரையாசிரியர்களைத் தாண்டாதீர்கள்

மூலமும் உரையும் என்று படித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதி வீட்டுக்குள் நுழைவதுபோல இருக்கும். என் கணிப்பில் இந்தத் துறையின் மிக வளமான மண்ணும் இதுதான்.

கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த அஃப்ரோடிசியாஸ் ஊர் அலெக்சாண்டர், ஆக்குகிற அறிவு கடவுளேதான் என்றார். 4ஆம் நூற்றாண்டில் தெமிஸ்டியஸ் மறுத்தார்: அரிஸ்டாட்டில் ‘ஆன்மாவில்’ என்றுதானே சொல்கிறார், அப்படியானால் அது நம்மிடம் உள்ளதுதான். பின்னர் அரபு உலகில் இப்னு சீனா அதை மனிதருக்கு வெளியே, விண்கோளங்களின் அறிவுகளில் கடைசிப் படியில் வைத்தார். 12ஆம் நூற்றாண்டில் கோர்டோபாவின் இப்னு ருஷ்து இன்னும் ஒரு படி போய், ஏற்கிற அறிவும்கூட (எல்லாமாக ஆகிற அந்த அறிவு) மனிதர் அனைவருக்கும் பொதுவான ஒன்றே என்று முடித்தார். அவருடைய பேருரையின் அரபு மூலம் முழுதாகக் கிடைக்கவில்லை. நமக்கு முழுதாக இருப்பது லத்தீன் மொழிபெயர்ப்பு. அதிலிருந்து ரிச்சர்ட் டெய்லர் செய்த ஆங்கிலப் பதிப்பு 2009இல் வந்தது.

இப்னு ருஷ்து சொல்வது சரியென்றால், செத்த பிறகு தனி ஆளுக்கு என்று மிஞ்ச எதுவும் இல்லை. சொர்க்கம் நரகம் யாருக்கு? பாரிஸ் பல்கலைக்கழகம் கொதித்தது. 1270இல் தாமஸ் அக்வினாஸ் இதை மறுத்துத் தனி நூலே எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 13 கருத்துகளைக் கண்டித்தார். முதலாவதே, எல்லா மனிதரின் அறிவும் எண்ணிக்கையில் ஒன்றே என்ற கருத்து. 16 வரிகளுக்கு இவ்வளவு!

நடைமுறைக்கு வருவோம். கிரேக்க உரைகளை பெர்லின் அகாதமி 1882 முதல் 1909 வரை வரிசையாகப் பதிப்பித்தது. ஆனால் கிரேக்கம் தெரிந்தவர்களே அவற்றை அதிகம் படிக்கவில்லை. நிலைமையை மாற்றியவர் ரிச்சர்ட் சொராப்ஜி. 1987 முதல் அவர் தலைமையில் இந்த உரைகள் ஆங்கிலத்துக்கு வரத் தொடங்கி, இன்று 100 தொகுதிகளைத் தாண்டிவிட்டன. பழங்காலத்தின் கடைசி நூற்றாண்டுகளைப் பற்றி இப்போது இவ்வளவு ஆய்வு நடப்பதற்கு இந்த ஒரே திட்டம் பெரிய காரணம். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்ததும், அதற்கான உரை இந்த வரிசையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் பகுதிக்குத் தெமிஸ்டியஸும் உண்டு, அலெக்சாண்டரும் உண்டு.

படி 6: இன்றைய சர்ச்சைக்குள் போவது

முதலில் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம். இலவசம், துறை வல்லுநர்கள் எழுதியது, அவ்வப்போது திருத்தப்படுவது. கட்டுரையை ஒருமுறை படித்துவிட்டு, அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியலைத்தான் உண்மையில் பயன்படுத்த வேண்டும். கேட்டுக் கற்பவர்களுக்கு பீட்டர் ஆடம்சன் 2010 முதல் நடத்திவரும் தத்துவ வரலாற்று ஒலித்தொடர் இருக்கிறது. யாரையும் விடாமல் போவதால் தெமிஸ்டியஸைப் போன்றவர்களும் அதில் வருகிறார்கள்.

அப்புறம் கட்டுரைகள். நம் பகுதிக்குத் தொடக்கமாக ஒன்று: விக்டர் கேஸ்டன் 1999இல் ‘ஃப்ரோனேசிஸ்’ இதழில் எழுதியது. அலெக்சாண்டர் சொன்னதுதான் சரி, அந்த அறிவு கடவுள்தான், மனித மனம் எப்படி இயங்குகிறது என்ற விளக்கத்தை இந்த அத்தியாயத்தில் தேடுவதே வீண் என்பது அவர் வாதம். 2004இல் லாயிட் கெர்சன் அதே இதழில் அறிவின் ஒருமையைப் பற்றி எழுதி வேறு பக்கம் நின்றார். 2008இல் பர்ன்யட் தெய்வ அறிவு என்ற பக்கம் பேசினார். இதற்கெல்லாம் முன்னால், 1867இல் ஃபிரான்ஸ் பிரென்டானோ இதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதி, அது மனித ஆன்மாவுக்கு உரியது என்று வாதாடியிருந்தார்.

கட்டுரையைப் படிக்கும் முறை ஒன்று சொல்கிறேன். முதல் வாசிப்பில் ஆசிரியரின் முடிவை மட்டும் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டாம் வாசிப்பில் அவர் எந்த வரியின் மேல் முழுப் பாரத்தையும் வைக்கிறார் என்று தேடுங்கள். கேஸ்டனுக்கு அது ‘தனித்து நிற்பது, பாதிக்கப்படாதது, கலவாதது’ என்ற வரி, எதிர்த்தரப்புக்கு ‘ஆன்மாவில்’ என்ற ஒரு சொல். பிறகு அடிக்குறிப்புகள் வழியாகப் பின்னோக்கியும், இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று முன்னோக்கியும் போகலாம்.

காசு விஷயம்: ஜேஸ்டோர் என்ற மின்-இதழ்க் களஞ்சியத்தில் தனிநபர் இலவசக் கணக்கில் பல பழைய கட்டுரைகளைத் திரையில் படிக்க முடியும். இந்தியாவில் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வழியாகப் பல பதிப்பகங்களின் இதழ்கள் திறக்கும். உங்கள் கல்லூரி நூலகரைக் கேளுங்கள். எதுவும் கைகூடாவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள். தங்கள் கட்டுரையைப் படிக்க ஆள் கிடைப்பது அவர்களுக்கும் அரிது.

படி 7: இவர்கள் எங்கே கூடுகிறார்கள்?

சின்ன உலகம் இது. முக்கியமான இதழ்களை ஒரு கையில் எண்ணலாம்: 1955இல் தொடங்கிய ‘ஃப்ரோனேசிஸ்’, 1983 முதல் வரும் ‘ஆக்ஸ்ஃபோர்டு ஸ்டடீஸ் இன் ஏன்ஷியன்ட் ஃபிலாசஃபி’, ‘ஏன்ஷியன்ட் ஃபிலாசஃபி’, ‘அபெய்ரான்’, பின்னால் வந்த ‘ரைசோமாட்டா’. புது நூல்களின் மதிப்புரைக்கு 1990 முதல் இலவசமாக வரும் ‘பிரின் மார் கிளாசிக்கல் ரிவ்யூ’. மின்னஞ்சலில் பதிவு செய்துகொண்டால் என்ன வருகிறது, யார் யாரோடு சண்டை என்பது தானாகத் தெரியவரும்.

கூட்டங்களில் தனி மரியாதை சிம்போசியம் அரிஸ்டாட்டெலிக்கத்துக்கு. 1957இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது, அழைத்தால்தான் போக முடியும். ஒரு நூலை அல்லது ஒரு புத்தகத்தை எடுத்து, அத்தியாயத்துக்கு ஓர் ஆள் என்று பிரித்துக்கொள்வார்கள். வெளியாட்களுக்கு மிஞ்சுவது பின்னால் வரும் தொகுப்பு. மெட்டாஃபிசிக்ஸின் முதல் புத்தகத்தைப் பற்றிய 2012 தொகுப்பில் ஒலிவர் ப்ரிமாவேசி அந்தப் புத்தகத்தின் கிரேக்க மூலத்தையே புதிதாகப் பதிப்பித்தார். பெக்கருக்கு 180 ஆண்டுகளுக்குப் பிறகும் அதற்குத் தேவை இருந்தது.

இதைவிடத் திறந்த கதவு 1989இல் அமைந்த சர்வதேச பிளேட்டோ சங்கம். அதன் மாநாடும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான். அமெரிக்காவில் 1953இல் உருவான பண்டைய கிரேக்கத் தத்துவச் சங்கமும் உண்டு. ஆனால் உண்மையான வேலை நடப்பது வாரம்தோறும் கூடும் சிறு வாசிப்புக் குழுக்களில். ஒருவர் ஐந்து வரி மொழிபெயர்ப்பார், மற்றவர்கள் குறுக்கே விழுவார்கள். நான்கு பேர் சேர்ந்தால் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வீடியோ அழைப்பில் அதையே செய்யலாம். செய்யும்போது ஒரு விதி: மூலத்தில் வரியைக் காட்டாமல் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது.

படி 8: புதுச் சரக்கு எங்கிருந்து வருகிறது?

மண்ணிலிருந்தும், பெட்டிகளிலிருந்தும். சாக்ரட்டீஸுக்கு முந்தைய தத்துவஞானி எம்பெடாக்ளிஸின் பாடல் வரிகள் கொண்ட ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள் சுவடி) ஸ்ட்ராஸ்பர்க் நூலகத்தில் இருந்தபடியே அடையாளம் காணப்பட்டு 1999இல் வெளியானது. தெசலோனிக்கிக்கு அருகே 1962இல் சிதைச் சாம்பலில் கிடைத்த தெர்வேனி பாப்பிரஸின் முழுப் பதிப்பு வர 2006 ஆகிவிட்டது. தெசலோனிக்கியில் ஒரு மடத்தின் சுவடியில், தொலைந்துபோனதாக நினைத்த, கிரேக்க மருத்துவர் கேலனின் நூல் ஒன்று 2005இல் கிடைத்தது. முசிறி வணிகக் கடன் ஒப்பந்தத்தை வியன்னாவில் வாசித்துச் சொன்னதும் இதே பாப்பிரஸ் ஆய்வுத்துறைதான்.

இப்போது எல்லோர் கண்ணும் இத்தாலியில் உள்ள பழைய நகரமான ஹெர்குலேனியத்தின் மேல். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையில் கருகிய ஒரு மாளிகையின் நூலகம் 1750களில் தோண்டி எடுக்கப்பட்டது. சுருள்கள் கரிக்கட்டையாகிவிட்டன, பிரித்தால் உதிரும். மையும் கரி, தாளும் கரி என்பதால் எக்ஸ்-கதிரிலும் எழுத்து எளிதில் தெரியாது. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் பல ஆண்டுகளாகச் செய்துவந்த முயற்சியின் தொடர்ச்சியாக 2023இல் வெசுவியஸ் சவால் என்ற போட்டி அறிவிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் மூன்று இளைஞர்கள், சுருளைத் திறக்காமலேயே பல பத்திகளைப் படித்துக்காட்டி 7,00,000 டாலர் பரிசு பெற்றார்கள். உணவும் இசையும் தரும் இன்பத்தைப் பற்றிய எபிகூரிய (எபிகூரஸின் தத்துவப் பள்ளியைச் சேர்ந்த) எழுத்து அது. 2025இல் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள இன்னொரு சுருளின் தலைப்பு தெரிந்தது: எபிகூரியத் தத்துவஞானி ஃபிலோடெமஸின் ‘தீய குணங்களைப் பற்றி’.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். செய்திகள் ‘அரிஸ்டாட்டிலின் தொலைந்த நூல் வரப்போகிறது’ என்று எழுதும். இதுவரை வந்ததில் பெரும்பகுதி ஃபிலோடெமஸ். அதுவே பெரிய விஷயம்தான், ஆனால் வேறு விஷயம். புதுக் கண்டுபிடிப்புச் செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: பாப்பிரஸின் எண் என்ன, எத்தனை எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, எத்தனை எழுத்து பதிப்பாசிரியர் ஊகித்துச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டது? மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியை மறந்துவிடலாம்.

பழைய சரக்கிலும் சண்டை ஓய்வதில்லை. பிளேட்டோவின் ஏழாம் கடிதம் போலி என்று பர்ன்யட்டும் மைக்கேல் ஃப்ரீடும் நடத்திய கருத்தரங்கு 2015இல் நூலாக வந்து விவாதத்தைக் கிளறியது. நம்மவர்களுக்கு ஆசை வரும் தலைப்பு ஒன்றும் உண்டு: மன்னர் அலெக்சாண்டரின் (உரையாசிரியர் அல்ல) படையோடு இந்தியா வந்த ஐயவாதத் தத்துவஞானி பிர்ரோன் இங்கே துறவிகளிடம் கற்றுக்கொண்டாரா? எவரார்ட் ஃப்ளின்டாஃப் 1980இல் இதைத் தீவிரமாக எழுப்பினார். ஆனால் முக்கியச் சான்று, பிர்ரோனுக்குச் சுமார் ஐந்து நூற்றாண்டு கழித்து எழுதிய, தத்துவஞானிகளின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் டயோஜெனிஸ் லயெர்ஷியஸின் சில வரிகள். பாலியும் கிரேக்கமும் இரண்டும் தெரியாமல் இதில் முதல் கட்டுரையை எழுதப் போகாதீர்கள்.

படி 9: நீங்கள் எழுதும்போது

முதலில் உங்கள் பகுதியைத் தமிழில் மொழிபெயர்த்துப் பாருங்கள். நான்கு வாசிப்புகள் உள்ள அந்தக் கடைசி வாக்கியத்தைத் தமிழாக்கும்போது எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதும் குறிப்புதான் உங்கள் முதல் ஆய்வுக் குறிப்பு.

அடுத்து, ஒரே ஒரு வாதம் கொண்ட குட்டிக் கட்டுரை. ‘அரிஸ்டாட்டிலின் அறிவுக்கோட்பாடு’ என்று தலைப்பு வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ‘430a22இல் கேஸ்டனின் வாசிப்புக்கு ஒரு தடை’ என்றால் படிப்பார்கள். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியத்தில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றையாவது அகராதி வைத்துப் படிக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள், ஜெர்மன் முதலில். அனுப்பும் முன் கிரேக்கம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் போடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். நல்ல இதழ்கள் எழுதியவர் பெயரை மறைத்து நடுவர்களிடம் அனுப்பும், மாதக்கணக்கில் ஆகும், பெரும்பாலும் மறுப்பு வரும். மறுப்போடு நடுவரின் குறிப்புகளும் வந்தால் அவற்றைத் தனிக் கோப்பில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, கட்டுரையைத் திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது மட்டும் கூடாது.